ஒரு பெரிய முழு எண்ணை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்வது எப்படி: 40,40,244-ஐ வைத்து முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய எண்ணைக் கையில் எடுத்தால் கேட்க நிறைய இருக்கிறது. எத்தனை எண்கள் இதை மீதியின்றி வகுக்கும்? அவற்றின் கூட்டுத்தொகை என்ன? இது வர்க்க எண்ணா? இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? இவை தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் சாவி ஒன்றுதான்: பகா காரணிகள். அதை முழுதாக முடிக்காமல் அடுத்த படிக்குப் போனால் பின்னால் வரும் ஒவ்வொரு விடையும் தவறும். தவறியது கண்ணுக்கும் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காரணிப்படுத்தலுக்கே போகிறது.

எடுத்துக்காட்டு எண் 40,40,244. புதிதாகச் செய்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் பலவும் இதில் வருகின்றன.

1. தொடங்கும் முன் வேண்டியவை

தாள், பேனா, பத்து இலக்கம் காட்டும் சாதாரணக் கால்குலேட்டர், 100 வரையுள்ள 25 பகா எண்களின் பட்டியல். இவ்வளவு போதும்.

எண்ணைக் காற்புள்ளி இல்லாமல் ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள்: 4040244. பக்கத்திலேயே வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்தும் எழுதுங்கள்: 4 | 040 | 244. நாம் லட்சக் கணக்கில் 40,40,244 என்று எழுதுவதால் அந்தக் காற்புள்ளிகளையே பிரிவாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். கீழே வரும் 7, 11, 13 சோதனைக்கு மும்மூன்று பிரிவுதான் வேண்டும். லட்சப் பிரிவை வைத்தால் விடை தவறாகிவிடும்.

2. வர்க்கமூலத்தைக் கண்டு எல்லையைக் குறியுங்கள்

2010² = 40,40,100. 2011² = 40,44,121. நம் எண் இரண்டுக்கும் இடையில் இருப்பதால் வர்க்கமூலம் 2010-ஐச் சற்றே தாண்டுகிறது.

இதை முதலில் செய்யக் காரணம் உண்டு. ஒரு எண் பகு எண்ணாக இருந்தால், அதன் பகா காரணிகளில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். எல்லாமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவை என்றால் அவற்றில் இரண்டைப் பெருக்கினாலே எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே சோதனையை எங்கே நிறுத்தலாம் என்பதை வர்க்கமூலம் சொல்கிறது.

2010 வரை 304 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் சோதிக்கத் தேவைப்படாது. ஒரு காரணி கிடைத்ததும் எண்ணை அதனால் வகுத்துச் சுருக்கி, புது வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் பழைய எல்லையையே பிடித்துக்கொண்டு போனால் வேலை பல மடங்காகும்.

3. சிறிய பகா எண்களை வெளியே எடுங்கள்

2: கடைசி இரண்டு இலக்கம் 44, நான்கால் வகுபடும். கடைசி மூன்று இலக்கம் 244, எட்டால் வகுபடாது. எனவே 2 சரியாக இரண்டு முறை வருகிறது. 4040244 ÷ 4 = 10,10,061.

3: 1010061-இன் இலக்கக் கூட்டல் 9. ஒன்பதால் வகுபடும். 1010061 ÷ 9 = 1,12,229. இந்த ஈவின் இலக்கக் கூட்டல் 17, மூன்றால் வகுபடாது. ஆக 3-உம் சரியாக இரண்டு முறை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இலக்கக் கூட்டல் சோதனை 3-க்கும் 9-க்கும் மட்டும்தான். "கூட்டல் 27-ஆல் வகுபட்டால் எண்ணும் 27-ஆல் வகுபடும்" என்று ஒரு விதி கிடையாது. 3-இன் அடுக்கு தெரிய வேண்டுமென்றால் வகுத்துவிட்டு ஈவைச் சோதியுங்கள்.

5: கடைசி இலக்கம் 0 அல்லது 5 இல்லை. விடலாம்.

7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் முடிக்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், மும்மூன்று பிரிவுகளை வலமிருந்து மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் வரும் எண்ணுக்கும் மூல எண்ணுக்கும் இந்த மூன்றாலும் வகுக்கும்போது ஒரே மீதிதான் வரும். 244 − 040 + 4 = 208.

208-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. 11-ஆல் வகுத்தால் மீதி 10. 13-ஆல் வகுத்தால் 16, மீதி இல்லை. எனவே 13 ஒரு காரணி; 7-உம் 11-உம் இல்லை. அந்த 5, 10 என்ற மீதிகளை ஓரமாக எழுதி வையுங்கள், ஆறாம் படியில் வேண்டும்.

1,12,229 ÷ 13 = 8,633.

4. மிச்சமிருக்கும் எண்ணை விடாமல் சோதியுங்கள்

இப்போது 40 லட்சம் 8,633-ஆகச் சுருங்கிவிட்டது. 92² = 8464, 93² = 8649. ஆக எல்லை 2010-இலிருந்து 92-க்கு இறங்கிவிட்டது.

7-ஐயும் 11-ஐயும் மறுபடி சோதிக்க வேண்டாம். முழு எண்ணையே வகுக்காதவை அதன் ஒரு துண்டை வகுக்க முடியாது. ஆனால் 13-ஐ மறுபடி சோதித்தே ஆக வேண்டும், அது இரண்டாம் முறையும் வரலாம். 13 × 664 = 8632, மீதி 1. இரண்டாம் முறை இல்லை.

அடுத்து 17 முதல். மீதிகள் வரிசையாக: 17-க்கு 14, 19-க்கு 7, 23-க்கு 8, 29-க்கு 20, 31-க்கு 15, 37-க்கு 12, 41-க்கு 23, 43-க்கு 33, 47-க்கு 32, 53-க்கு 47, 59-க்கு 19, 61-க்கு 32, 67-க்கு 57, 71-க்கு 42, 73-க்கு 19, 79-க்கு 22, 83-க்கு 1.

பெரும்பாலானோர் கைவிடும் இடம் இதுதான். ஐம்பது அறுபது வரை எதுவும் கிடைக்கவில்லை என்றதும் "இது பகா எண்ணாகத்தான் இருக்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் எல்லைக்குள் மிச்சமிருக்கும் ஒரே பகா எண் 89, அதுதான் வகுக்கிறது: 89 × 97 = 8633.

மீதிகளைத் தாளில் எழுதிக்கொண்டே போங்கள். எந்தப் பகா எண்ணைத் தாண்டினீர்கள், எதைத் தவறவிட்டீர்கள் என்று பிறகு பார்க்க வேறு வழி இல்லை. கால்குலேட்டரில் வகுத்துத் தசமத்தைப் பார்ப்பவர்கள், "புள்ளிக்குப் பின் எதுவும் இல்லை" என்பதை மட்டும் நம்பாமல் ஈவைத் திருப்பிப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

5. குறுக்கு வழி: ஃபெர்மா முறையை ஒருமுறை முயலுங்கள்

நீண்ட வகுத்தலுக்கு முன் இரண்டு நிமிடம் இதற்குக் கொடுப்பது நல்லது. ஒற்றைப்படை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதினால் காரணிகள் தானே வந்துவிடும்.

வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்குங்கள். 93² − 8633 = 8649 − 8633 = 16. இது 4-இன் வர்க்கம். எனவே 8633 = (93 − 4)(93 + 4) = 89 × 97. பத்தொன்பது வகுத்தல்களில் கிடைத்த விடை ஒரே கழித்தலில் வந்துவிட்டது.

இரு காரணிகளும் அருகருகே இருந்ததால்தான் இவ்வளவு எளிதாக முடிந்தது. 8637-ஐ எடுங்கள். அதன் காரணிகள் 3, 2879. இதே முறையில் 93-இல் தொடங்கி 1441 வரை ஏற வேண்டியிருக்கும், ஆனால் மூன்றால் வகுத்தால் ஒரு நொடி. அதனால் சிறிய பகா எண்களை முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் ஃபெர்மா முறையில் ஐந்தாறு படி முயலுங்கள். கிடைக்காவிட்டால் வகுத்தலுக்குத் திரும்புங்கள்.

6. காரணிகளைச் சரிபார்த்த பிறகே மேலே போங்கள்

4040244 = 2² × 3² × 13 × 89 × 97

இதைச் சரிபார்க்கப் பலரும் இலக்கக் கூட்டல் முறையை, அதாவது ஒன்பதால் வரும் மீதியை ஒப்பிடும் முறையை, எடுக்கிறார்கள். இங்கே அது பயன்படாது. பெருக்கலில் 9 ஏற்கெனவே இருப்பதால், மற்ற காரணிகள் என்னவாக இருந்தாலும் மீதி 0-தான் வரும். பிழை இருந்தாலும் சோதனை "சரி" என்றே சொல்லும்.

காரணியாக இல்லாத எண்ணால் சோதியுங்கள். 11-ஐ எடுத்தால், காரணிகளின் மீதிகள்: 4, 9, 2, 1, 9. பெருக்கிக்கொண்டே 11-ஐ நீக்கினால்: 4 × 9 = 36 → 3; 3 × 2 = 6; 6 × 1 = 6; 6 × 9 = 54 → 10. மூன்றாம் படியில் எழுதி வைத்த மீதியும் 10. 7-க்கும் இப்படியே செய்தால் 5 வரும், அதுவும் பொருந்துகிறது.

8633-ஐப் பகா எண் என்று எடுத்தவர்களை இந்தச் சோதனையும் காப்பாற்றாது என்பதைக் கவனியுங்கள். பெருக்கல் சரியா என்று மட்டுமே இது பார்க்கிறது. ஒவ்வொரு காரணியும் பகா எண்தானா என்பது வேறு கேள்வி. 89-க்கும் 97-க்கும் வர்க்கமூலம் 10-க்குள் இருப்பதால் 2, 3, 5, 7 நான்கால் வகுபடவில்லை என்று பார்த்தாலே போதும்.

7. வகுத்திகளை எண்ணுதல், பட்டியலிடுதல்

ஒவ்வொரு பகா காரணியின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 3 × 2 × 2 × 2 = 72 வகுத்திகள்.

ஒன்று ஏன் கூட்டுகிறோம் என்றால், ஒரு வகுத்தியில் 2 இல்லாமலும் இருக்கலாம், ஒருமுறை வரலாம், இருமுறை வரலாம். மூன்று வாய்ப்புகள். அடுக்கு 2 என்றால் வாய்ப்பு 3.

2, 2, 3, 3, 13, 89, 97 என்று ஏழு காரணிகளையும் தனித்தனியாக வைத்து ஏழு இரண்டுகளைப் பெருக்கி 128 என்று சொல்வது அடிக்கடி நேரும் பிழை. ஒரே வகுத்தி இரண்டு முறை எண்ணப்படுவதால்தான் அப்படி வருகிறது.

பட்டியல் வேண்டுமென்றால் அடுக்கடுக்காகக் கட்டுங்கள். முதலில் 36-இன் வகுத்திகள்: 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36. இந்த ஒன்பதையும் 13-ஆல் பெருக்கினால் இன்னும் ஒன்பது. அந்தப் பதினெட்டையும் 89-ஆல் பெருக்கினால் 36. எல்லாவற்றையும் 97-ஆல் பெருக்கினால் 72. சிறியதிலிருந்து பெரியதாகத் தேடிக்கொண்டு போவதைவிட இது வேகம், எதுவும் விடுபடவும் விடாது.

வகுத்திகள் 36 ஜோடிகளாக அமையும். ஒவ்வொரு ஜோடியிலும் சிறியது 2010-ஐத் தாண்டாது. வர்க்கமூலத்துக்கு மிக அருகில் இருபுறமும் நிற்கும் ஜோடி 1746 × 2314.

8. வகுத்திகளின் கூட்டுத்தொகை

72 எண்களைக் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1 தொடங்கி அதன் அடுக்கு வரை கூட்டி, வரும் தொகைகளைப் பெருக்குங்கள்.

2-க்கு 1 + 2 + 4 = 7. 3-க்கு 1 + 3 + 9 = 13. பிறகு 14, 90, 98.

7 × 13 = 91, × 14 = 1274, × 90 = 1,14,660, × 98 = 1,12,36,680.

ஏழாம் படியின் பட்டியலை வைத்து இடையிடையே சரிபார்க்கலாம். 36-இன் ஒன்பது வகுத்திகளைக் கூட்டினால் 91 வர வேண்டும், வருகிறது.

இங்கே வரும் பெரிய பிழை, 4-க்கு 3 × 3 = 9 என்று போடுவது. இரண்டு எண்களின் தொகைகளைத் தனித்தனியாகக் கண்டு பெருக்கும் விதி, பொதுக் காரணி இல்லாத எண்களுக்கு மட்டுமே பொருந்தும். 2-உம் 2-உம் அப்படிப்பட்டவை அல்ல. 4-இன் வகுத்திகள் 1, 2, 4, கூட்டினால் 7.

எண்ணைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் தொகை 1,12,36,680 − 40,40,244 = 71,96,436. இது எண்ணைவிடப் பெரியது, எனவே நம் எண் மிகை எண். கணக்கைச் சரிபார்க்க இதுவும் உதவும்: 6-ஐவிடப் பெரிய, ஆறால் வகுபடும் எண் எதுவாக இருந்தாலும் மிகை எண்தான். வேறு மாதிரி வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

9. ஆய்லர் சார்பு

1 முதல் 40,40,244 வரை, இந்த எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஒவ்வொரு பகா காரணிக்கும் அதில் ஒன்று குறைத்து, அடுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் மிஞ்சும் ஒவ்வொரு அடுக்குக்கும் அதே பகா எண்ணால் ஒருமுறை பெருக்க வேண்டும்.

4-க்கு 2. 9-க்கு 6. 13-க்கு 12. 89-க்கு 88. 97-க்கு 96. பெருக்கினால் 144 × 8448 = 12,16,512.

9-க்கு 2 × 2 = 4 என்று எழுதுவது எட்டாம் படியில் பார்த்த அதே பிழை. 1, 2, 4, 5, 7, 8 என்று எண்ணிப் பாருங்கள், ஆறு.

இப்போது 8633-ஐப் பகா எண்ணென்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். வகுத்திகள் 36. கூட்டுத்தொகை 1,09,99,716. ஆய்லர் மதிப்பு 12,43,008. மூன்றும் தவறு. ஆனால் மூன்றுமே பார்வைக்கு நம்பும்படி இருக்கின்றன, கடைசி இரண்டும் சரியான விடைக்கு அருகில்கூட இருக்கின்றன. நான்காம் படியில் 89 வரை போனதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

10. வர்க்கமா? வர்க்கக் காரணி உண்டா?

கடைசி இலக்கம் 4, வர்க்கங்கள் 4-இல் முடியலாம். இலக்கக் கூட்டல் 18, அதை மறுபடி கூட்டினால் 9, அதுவும் வர்க்கங்களுக்கு வரும். கடைசி இரு இலக்கம் 44, 12² = 144-இலும் அதுதான். மேலோட்டமான சோதனை எல்லாவற்றிலும் இந்த எண் தேறிவிடுகிறது. ஆனால் வர்க்கம் இல்லை, ஏனென்றால் 13, 89, 97 மூன்றின் அடுக்கும் ஒற்றைப்படை. அந்தச் சோதனைகள் "வர்க்கம் இல்லை" என்று சொல்ல மட்டுமே பயன்படும்; "வர்க்கம்தான்" என்று சொல்ல அடுக்குகளைப் பார்க்க வேண்டும்.

36 உள்ளே இருப்பதால் இது வர்க்கக் காரணியற்ற எண்ணும் அல்ல. பகா காரணிகள் ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் எடுத்துப் பெருக்கினால் 2 × 3 × 13 × 89 × 97 = 6,73,374.

11. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதுதல்

நான்கால் வகுத்தால் மீதி 3 தரும் பகா காரணிகள் எல்லாம் இரட்டைப்படை அடுக்கில் இருந்தால் மட்டுமே இது முடியும். நம்மிடம் அப்படிப்பட்டது 3 ஒன்றுதான், அடுக்கு 2. முடியும். 13, 89, 97 மூன்றும் மீதி 1 தருபவை.

முதலில் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்: 13 = 3² + 2², 89 = 8² + 5², 97 = 9² + 4².

பிறகு பிரம்மகுப்தரின் முற்றொருமையால் (இரு வர்க்கங்களின் கூட்டல்கள் இரண்டைப் பெருக்கினால் வருவதும் இரு வர்க்கங்களின் கூட்டலே) இரண்டிரண்டாகச் சேருங்கள். 13-ஐயும் 89-ஐயும் சேர்க்க: 3 × 8 − 2 × 5 = 14, 3 × 5 + 2 × 8 = 31. ஆக 1157 = 14² + 31². குறிகளை மாற்றினால் 3 × 8 + 2 × 5 = 34, 3 × 5 − 2 × 8 = −1. ஆக 1157 = 34² + 1². குறி மாற்றிச் செய்யும் இரண்டாம் கணக்கை மறப்பவர்கள் அதிகம், பாதி விடைகள் அதில்தான் இருக்கின்றன.

இரண்டையும் 97-ஓடு இதே முறையில் சேர்த்தால் 1,12,229-க்கு நான்கு வழிகள்: 335² + 2², 250² + 223², 302² + 145², 310² + 127². மிச்சமிருப்பது 36, அதாவது 6². எனவே ஒவ்வொன்றையும் 6-ஆல் பெருக்குங்கள்:

2010² + 12²
1500² + 1338²
1812² + 870²
1860² + 762²

நான்குமே 40,40,244 தருகின்றன. வேறு வழி இல்லை என்பதும் உறுதி. மீதி 1 தரும் மூன்று வெவ்வேறு பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை வந்தால் வழிகள் நான்கு. 8633-ஐப் பிரிக்காமல் விட்டிருந்தால் இரண்டு வழிகளோடு நின்றிருப்போம்.

12. இருமமும் இலக்கப் பண்புகளும்

இரண்டால் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால், 0, 1 மட்டுமே கொண்ட இரும வடிவம் வரும்: 1111011010011000110100. மொத்தம் 22 இலக்கம், அவற்றில் 12 ஒன்றுகள். கடைசியில் இரண்டு பூஜ்யம் இருப்பது 2-இன் அடுக்கு இரண்டு என்பதோடு பொருந்துகிறது. மீதிகளை மேலிருந்து படித்தவர்களுக்கு எண் 00-இல் தொடங்கும், அதைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இலக்கக் கூட்டல் 18, அது எண்ணை வகுக்கிறது: 4040244 ÷ 18 = 2,24,458. ஆகவே இது ஹர்ஷத் எண். இருமத்தில் ஒன்றுகளைக் கூட்டினால் 12, அதுவும் வகுக்கிறது. இரண்டிலும் அமைந்தது தற்செயல்தான். இலக்கங்களைச் சார்ந்த பண்புகள் எண்முறை மாறினால் மாறும், வகுத்திகள் மாறாது. அதனால் இவற்றைக் கடைசியில் வைத்தாலே போதும்.

13. எண் இதைவிட மிகப் பெரிதானால்

கணினிக்குப் போகும்போது முதல் ஆபத்து கருவியிலேயே இருக்கிறது. எக்செல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், அதற்குப் பின் வருபவற்றைப் பூஜ்யமாக்கிவிடும். தசம எண்களாகக் கணக்கிடும் நிரல்கள் 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களையும் துல்லியமாக வைத்திருக்க முடியாது. இது 2-இன் 53-ஆம் அடுக்கு. பைத்தானின் முழு எண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கும் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை தசமமாகிவிடும், இரட்டைச் சாய்கோடு போட வேண்டும்.

சிறிய பகா எண்களை வெளியே எடுத்த பின் மிச்சம் பெரிதாக இருந்தால், அதை உடைக்க முயல்வதற்கு முன் அது பகா எண்ணா என்று சோதியுங்கள். பகா எண்ணை உடைக்கப் பார்த்து மணிக்கணக்கில் காத்திருப்பது வீண். ஃபெர்மா சோதனை மட்டும் போதாது. (ஐந்தாம் படியின் ஃபெர்மா முறை அல்ல இது; அடிமானம் என்று ஓர் எண்ணை எடுத்து, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது.) 341 = 11 × 31 என்ற பகு எண், 2-ஐ அடிமானமாக வைத்தால் அதில் தேறிவிடும். 561 = 3 × 11 × 17 இன்னும் மோசம், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை வைத்தாலும் தேறிவிடும்.

அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் பகா எண் சோதனையை எடுங்கள். எண் 3,21,50,31,751-க்குக் கீழே இருந்தால் 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களே ஐயமற்ற விடை தரும். 2-இன் 64-ஆம் அடுக்கு வரை என்றால் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களையும் அடிமானமாக வைக்க வேண்டும்.

பகு எண் என்று உறுதியானால், காரணியைத் தேடித் தரும் பொல்லார்டு ரோ முறை. அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ மிகச் சிறிய காரணியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்து இலக்கக் காரணி என்றாலும் சில லட்சம் படிகளுக்குள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கிடைத்த இரு துண்டுகளும் பகா எண்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றையும் மறுபடி மில்லர்–ராபினுக்கு அனுப்புங்கள். எல்லாத் துண்டுகளும் தேறிய பிறகே ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.